பதினோரு கட்டம்

வெர்னா காலிஸ் என்ற பெயரை
நீங்கள் கேட்டிருக்க வாய்ப்பில்லை.
சுவரொட்டியில் ஆறாவது பெயர்,
பசை வாளிக்காரன் சுருக்கம் நீவும் இடத்தில்.
படத்துக்குப் படம் கதாநாயகியின் தோழி.
நம் பழைய பாட்டுகளில் வருவாளே,
தூது போவாள், பழி ஏற்பாள்,
அவளுக்கென்று ஒருவன் உண்டா என்று
எந்தப் புலவனும் கேட்டதில்லை,
அவள்தான்
தகடு அடித்த ஷூ போட்டு வந்தால் வெர்னா.

டர்பன், விக்டோரியா தெரு பயாஸ்கோப்.
வெள்ளைக்காரர் கொட்டகைகளில் ஓடித் தேய்ந்து
பதினெட்டு மாதம் கழித்து எங்களிடம் வரும் பெட்டி.
தகர வட்டுகளை மாடிக்குத் தூக்குவேன்.
படம் முழுக்க மழை பெய்யும்,
அதில் பாதிதான் கதையில் உள்ள மழை.

கார்பன் குச்சி எரியும் அறையில்
பனியனோடு நின்று, சதுர ஓட்டை வழியாக
வாரத்துக்குப் பன்னிரண்டு முறை பார்த்தேன்.
நாயகி பாடும்போது எல்லாரும் நாயகியைப் பார்ப்பார்கள்.
நான் வெர்னா கேட்பதைப் பார்ப்பேன்.
கேட்பதற்கென்று ஒரு முகம் வைத்திருந்தாள்.
மூன்றாம் வரியில் ஏதோ நினைவு வரும்,
உடனே மறைத்துக்கொள்வாள்.
பன்னிரண்டு முறையும் புதிதாக வரும்.

ஒரே ஒரு படத்தில் அவளுக்கென்று ஓர் ஆட்டம்.
ஹோட்டல் வாசல், இரவு.
படியில் நின்று கையுறையைக் கழற்றுகிறாள்,
யாரையோ நோக்கிக் கை நீட்டுகிறாள், துள்ளுகிறாள்
பட்டென்று ஒரு தாவல்.
காலை. நாயகி ஆரஞ்சு உரிக்கிறாள்.

தணிக்கைக் கத்தரி. ஏன் என்று
சீட்டில் எழுத மாட்டார்கள்.
தரை டிக்கெட்டில் விசில் பறக்கும், திட்டு விழும்,
எங்கம்மாவையும் சேர்த்து.
முதலாளி தம்புசாமி நாயுடு மூச்சிரைக்க மேலே வந்து
"ரீலைத் தின்னுட்டியாடா?" என்பார்.

தின்னத்தான் செய்தேன், கொஞ்சம்.
கடைசிக் காட்சி முடிந்த சனிக்கிழமை
வெட்டின் இந்தப் பக்கம் மிஞ்சியிருந்த துள்ளலை
பிளேடால் எடுத்துக்கொண்டேன்.
பதினோரு கட்டம்.
விரலில் ஒட்டுப்பசை நாற்றம் ரெண்டு நாள்.
விநாடிக்கு இருபத்து நான்கு என்றால்
என்னிடம் இருப்பது அரை விநாடிகூட இல்லை.
அதில் அவள் கால் தரையைத் தொடாது.

பிறகு எங்கள் வீட்டை இடித்தார்கள்.
கேட்டோ மேனரிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்கு
லாரியில், தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவே
ஒரு சிகரெட் தகரத்துக்குள்
தரையிறங்காமலே வந்து சேர்ந்தாள்.

போன மாதம் ஆஸ்பத்திரி. சர்க்கரை, இடது கால்.
வார்டு மூலையில் டீவி, நள்ளிரவு, சத்தம் அணைத்து.
ஹோட்டல் வாசல். கையுறை.
எழுந்து உட்கார்ந்தேன்.
கை நீண்டது. துள்ளினாள்.
தாவல் இல்லை.
கதவு திறந்துவிடுகிறவர் அந்தக் கையைப் பிடித்தார்.
கறுப்பர், நரைத்த தலை,
பித்தளைப் பொத்தான் வைத்த நீளக் கோட்டு.
இரண்டரை நிமிடம் ஆடினார்கள், ஓசையில்லாமல்.
ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.
வெர்னா கேட்டுக்கொண்டிருந்தாள்,
அவர் காலடிகளை, அதே முகத்தோடு.
போர்வைக்குள் என் கட்டுப் போட்ட கால்
என்ன செய்தது என்று சொல்ல மாட்டேன்.

ஊசித் தட்டோடு வந்த சிஸ்டர் நொம்புசோ
நின்றுவிட்டாள். "யார் அவர்?"
தெரியாது என்றேன்.
படம் முடிந்து ஓடிய பட்டியலிலும் அவர் இல்லை.
"அந்தப் பெண்?"
முழுப் பெயரையும் சொன்னேன், எழுத்துக்கூட்டி.

வீட்டுக்கு வந்ததும் தகரத்தைத் திறந்தேன்.
வினிகர் வாடை. பிலிம் சுருண்டு கிடந்தது.
ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்தேன்.
பதினோராவது கட்டத்தில், வலது ஓரம்,
திரைச்சீலை மடிப்பு என்று
நாற்பத்தெட்டு வருடம் நினைத்திருந்தது
ஒரு கோட்டின் கை.
பித்தளைப் பொத்தான் ஒன்று.

கத்தரி தவறவிட்ட அந்தப் பொத்தானை
விக்டோரியா தெருவிலிருந்து எடுத்தவன்
நான்.